தப்புச் சொல்லும் பிள்ளை

கலைமதி ஒரு வகுப்புக்குள் நுழையும்போது பிள்ளைகள் வட்டம் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். அவள் பஸ் ஏறிப் போனதும் பழையபடி வரிசைக்குத் திரும்பிவிடுவார்கள். அந்த வட்டாரத்தில் இது எல்லோருக்கும் தெரியும். கலைமதிக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்வது? போகாமல் இருந்தால் அவளுக்கு வேலை இல்லை. போனால் வட்டம் போட்டுவிடுகிறார்கள்.

அவள் ஆசிரியர் பயிற்றுநர். புத்தகத்தை வாசித்து, கேள்வி பதிலை எழுதிப்போட்டு, மனப்பாடம் செய்யச் சொல்லும் அறிவியல் ஆசிரியர்களை அந்தப் பழக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கொண்டுவர வேண்டும். பிள்ளைகள் தாங்களே தொட்டுப் பார்க்க வேண்டும், ஊகிக்க வேண்டும், தப்பாக ஊகித்தாலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், பிறகு சோதித்துப் பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டும். இதைத்தான் அவள் பயிற்சி வகுப்புகளில் தொண்டை வற்றச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆசிரியர்களும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, வடையைத் தின்று, டீயைக் குடித்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள்.

தனிமை என்றால் ஆளில்லாத இடத்தில்தான் இருக்கும் என்று நினைப்பவர்கள் ஒரு பயிற்றுநரோடு ஒரு நாள் சுற்றிப் பார்க்கலாம். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் காலை நேரத்தில் நிற்கும் கூட்டத்தில் பாதி ஆசிரியர்கள்தான். அவளைப் பார்த்ததும் "வணக்கம் மேடம்" என்பார்கள், பக்கத்து சீட் காலியாக இருந்தாலும் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வார்கள். ஆசிரியர் அறைக்குள் அவள் காலை வைத்தால் அதுவரை நடந்த பேச்சு நின்றுபோகும். மற்றவர்கள் சம்படத்தைத் திறந்து ஒருவர் குழம்பை ஒருவர் ஊற்றிக்கொண்டு சாப்பிடுகையில், அவளுக்குத் தனி நாற்காலி, தனித் தட்டு, தட்டில் பிஸ்கட். அதிகாரிகளுக்கோ அவள் வெறும் பயிற்றுநர். ஆசிரியர்களுக்கு அவள் அதிகாரி. இரண்டு பக்கமும் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை, இரண்டு பக்கமும் மரியாதைக்கு மட்டும் குறைவில்லை.

வீடு ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் போகும் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடியில். கல்யாணம் என்று ஒன்று நடந்து இரண்டே வருடத்தில் முடிந்துபோனது. அதைப் பற்றி அவள் பேசுவதில்லை, கேட்க ஆளும் இல்லை. கீழ் வீட்டு மாமி மட்டும் பெருமாள் புறப்பாடு என்றால் மாடிப்படியில் நின்று, "சேவிக்க வரேளா?" என்று கேட்பாள். கலைமதி போவாள். அத்தனை கூட்டத்தில் நெருக்கித் தள்ளப்பட்டுத் திரும்பி வந்து, ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று இத்தனை வருடம் ஆகியும் பிடிபடாமல், மிச்சமான சோற்றில் தண்ணீர் ஊற்றி வைப்பாள்.

இந்த வாழ்க்கையில் அவளுக்கு ஒரே ஒரு வகுப்பு இருந்தது. முக்கொம்பு பக்கத்து நடுநிலைப் பள்ளியில் மணிமேகலையின் அறிவியல் வகுப்பு.

மணிமேகலை அவளுடைய பழைய சிநேகிதி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இருவரும் மருங்காபுரிப் பக்கம் ஒரே பள்ளியில் இருந்தார்கள், ஒரே அறையில் வாடகைக்குக் குடியிருந்தார்கள். தண்ணீர் லாரி வரும் நாளில் ஒருத்தி குடத்தோடு வரிசையில் நிற்க, இன்னொருத்தி அவளுக்கும் சேர்த்து வகுப்பைப் பார்த்துக்கொள்வாள். அந்த மணிமேகலையின் வகுப்பில் மட்டும் பிள்ளைகள் நிஜமாகவே யோசிப்பதாகக் கலைமதி நம்பினாள். யாராவது ஒரு பிள்ளை எழுந்து தப்பாக ஒன்று சொல்லும், இன்னொரு பிள்ளை மறுக்கும், சண்டை நடக்கும், பிறகு சோதனை செய்து பார்ப்பார்கள். அதிலும் கோபிகா என்று ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி. தப்பாகச் சொல்வதில் அவளுக்கு இணை கிடையாது. செடி மண்ணைத் தின்றுதான் வளர்கிறது என்பாள். நிலாவுக்குச் சொந்தமாக வெளிச்சம் இருக்கிறது என்பாள். கொஞ்சமும் கூச்சப்படாமல், நிமிர்ந்து நின்று சொல்வாள்.

"தப்பா இருந்தாலும் தைரியமா சொன்ன பாரு, அதாண்டி கண்ணு வேணும்" என்று ஒருமுறை கலைமதி அவள் கன்னத்தைத் தட்டிக் கொடுத்தாள். கொஞ்சம் மந்தமான பிள்ளை, ஆனால் பயமில்லாத பிள்ளை என்று மனதில் முடிவு செய்துகொண்டாள். அந்த வகுப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பும் நாட்களில் காவிரிப் பாலத்தின் மேல் பஸ் வரும்போது அவளுக்கு வாய்க்குள் ஏதாவது பாட்டு ஓடும்.

அதனால்தான் மாவட்டத்துக்கே காட்டுவதற்கு ஒரு மாதிரி வகுப்பை வீடியோ எடுக்க வேண்டும், எந்தப் பள்ளி என்று மேலே இருந்து கேட்டபோது, கலைமதி யோசிக்கவே இல்லை. மணிமேகலை பெயரைச் சொல்லிவிட்டாள். வீடியோவை எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்பப் போவதாகப் பேச்சு. இத்தனை வருடம் அலைந்ததற்கு ஒன்றே ஒன்று உருப்பட்டது என்று காட்ட முடிந்தால் போதும் அவளுக்கு.

வீடியோவுக்கு முந்தின நாள் ஜீயபுரத்தில் ஒரு பள்ளி வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், மேகலையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறினாள். அதுதான் அவள் செய்த வேலை. எந்தப் பயிற்றுநரும் சொல்லாமல் போகக்கூடாது. போனால் இருப்பது தெரிந்துவிடும்.

ஏழாம் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே பூவரச மரம் ஒன்று உண்டு. அதன் அடியில் வந்ததும் மணிமேகலையின் குரல் கேட்டது.

"இந்த டம்ளர்ல ஐஸ் தண்ணி ஊத்தியிருக்கு, சிவப்பு மை கலந்திருக்கு. வெளிப்பக்கம் தண்ணி முத்து முத்தா நிக்குது. எங்கேர்ந்து வந்துச்சு? கோபிகா, எந்திரி. நீ என்ன சொல்லணும்?"

"டம்ளர்ல கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கு மிஸ். அது வழியாக் கசியுது."

"கொஞ்சம் யோசிச்சுச் சொல்லு பிள்ளை. கேட்ட உடனே சொல்லாத. உடனே சொன்னா மேடத்துக்குப் பிடிக்காது. மேல பாரு, கன்னத்துல கைய வை, அப்புறம் சொல்லு. ஆசீர், நீ?"

ஆசீர் என்ற பையன் எழுந்து மூச்சு விடாமல் சொன்னான். "கோபிகா சொன்னது சரியில்லை மிஸ். கசிஞ்சிருந்தா வெளியில இருக்கிற தண்ணியும் சிவப்பா இருக்கணும்ல மிஸ்."

"'இருக்கணும்ல'ன்னு இழுக்காதடா. படிச்சுட்டு வந்த மாதிரி இருக்கு."

கலைமதி அந்த மரத்தடியிலேயே நின்றாள். ஆசிரியர்களிடம் பல வருடங்களுக்கு முன்னால் அவளே சொன்னதுதான் இது. எல்லாப் பிள்ளையும் சரியான பதிலே சொன்னால் அது வகுப்பு இல்லை, ஒப்பிப்பு என்றாள். தப்பான பதிலும் வர வேண்டும் என்றாள். மேடம் தப்பான பதில் கேட்கிறார்கள் என்று ஆசிரியர்கள் புரிந்துகொண்டார்கள். சரி, தப்புக்கும் ஒரு பிள்ளையைத் தயார் செய்தால் போயிற்று. வட்டாரம் முழுக்க ஒவ்வொரு பள்ளியிலும் இப்படி ஒரு பிள்ளைக்கு வேலை போட்டுக் கொடுத்திருப்பார்களோ என்னவோ. மற்ற இடத்தில் நடந்தால் அவள் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். மேகலையும் செய்தாள் என்பதை அப்படிச் சிரித்துத் தள்ள முடியவில்லை.

உள்ளே போகாமல் திரும்பிவிட்டாள். பள்ளி மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே வரும்போது அவள் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தாள். கோபிகா தனியாக வந்தாள். மேடத்தைப் பார்த்ததும் பையை இறக்கி வைத்து வணக்கம் சொன்னாள்.

"இங்க வா. அந்த டம்ளர் தண்ணி விஷயம். நிஜமா கசியுதுன்னா நினைக்கிற?"

கோபிகா பள்ளிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "இல்ல மிஸ். எங்கம்மா முக்கொம்புல தண்ணி பாட்டில் விக்கிறாங்க. ஐஸ் பெட்டிலேர்ந்து எடுத்து வச்சா பாட்டில் மேல பூரா வேர்த்துரும். நான்தான் துணியால துடைச்சுத் துடைச்சு வைப்பேன். மூடி ஒடைக்காத பாட்டில் மிஸ். எத்தனை தடவை துடைச்சாலும் உள்ள தண்ணி குறையவே குறையாது. அப்ப வெளியிலேர்ந்துதான வருது? காத்துலேர்ந்து."

இந்தப் பதிலுக்காகத்தான் கலைமதி ஊர் ஊராகப் பஸ் ஏறிக்கொண்டிருந்தாள். அது இந்தப் பிள்ளையின் வாய்க்குள்ளேயே இருந்திருக்கிறது, மேலே பார்த்து, கன்னத்தில் கை வைத்து, வேறொன்றைச் சொல்லப் பழகிக்கொண்டு.

"அப்புறம் ஏம்மா நீ தப்பாச் சொல்ற?"

"போன வருஷத்துலேர்ந்து நான்தான் மிஸ் தப்பு. வேற பிள்ளைங்களுக்குக் கொடுத்தா மறந்துருவாங்க, இல்ல சிரிச்சுருவாங்க. நான்தான் கரெக்டா தப்பாச் சொல்வேன்னு எங்க மிஸ் சொன்னாங்க." கொஞ்ச நேரம் காலால் மண்ணைச் சீண்டிக்கொண்டிருந்தாள். "பசங்க என்னைத் தப்புன்னுதான் கூப்பிடுறாங்க. அது பரவால்ல மிஸ். நாளைக்கு எடுக்கிற வீடியோ எல்லார் செல்லுலயும் வருமாம். எங்கம்மா தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கு."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் கலைமதி தேற்றிவிட்டு அத்தோடு விட்டிருப்பாளோ என்னவோ.

"நாளைக்கு நீ இப்ப எங்கிட்ட சொன்னதையே சொல்லு. பாட்டில் துடைக்கிறது, மூடி, எல்லாம். மேல பாக்க வேணாம், கன்னத்துல கை வைக்க வேணாம். மிஸ் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, நான் பார்த்துக்கறேன்."

"சரி மிஸ்" என்றாள் கோபிகா. எதைச் சொன்னாலும் சரி மிஸ் என்று சொல்லும் பிள்ளை அவள். அந்த நேரத்தில் கலைமதி அதைக் கவனிக்கவில்லை.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மேகலைக்கு போன் போட வேண்டும் என்று நினைத்தாள். என்னவென்று ஆரம்பிப்பது? உன் வகுப்பு பொய் என்றா? இத்தனை வருடத்தில் தன்னைக் 'கலை' என்று கூப்பிடும் ஒரே ஆள் அவள்தான். போனைக் கையில் எடுத்தாள், வைத்தாள். வீட்டுக்குப் போய்ப் பேசலாம் என்று நினைத்தாள். வீட்டுக்குப் போனதும் காலையில் நேரிலேயே பேசிக்கொள்ளலாம் என்று தோன்றியது. காலையில் அவள் போய்ச் சேரும்போது வீடியோ எடுப்பவர்கள் விளக்கை மாட்டிக்கொண்டிருந்தார்கள். மணிமேகலை பட்டுப் புடவையில் இருந்தாள். கலைமதியைப் பார்த்து, "எப்படி இருக்கேன்?" என்று கண்ணாலேயே கேட்டுச் சிரித்தாள். அதற்குமேல் எங்கே பேசுவது?

மாவட்ட அலுவலகத்திலிருந்து ரெங்கராஜ் என்ற அதிகாரி வந்திருந்தார். நல்ல மனிதர், அவசரக்காரர். மதியத்துக்குள் இன்னொரு பள்ளிக்குப் போக வேண்டும் அவருக்கு.

வகுப்பு தொடங்கியது. ஐஸ் தண்ணீரில் சிவப்பு மை கலந்தார்கள். டம்ளரின் மேல் நீர் அரும்பியது. எங்கிருந்து வந்தது என்று மணிமேகலை கேட்டாள். கோபிகா எழுந்தாள். மேலே பார்க்கவில்லை. கலைமதியைப் பார்த்தாள்.

"காத்துல இருக்கிற தண்ணிதான் மிஸ். எங்கம்மா பாட்டில் விக்கிறாங்க. மூடி ஒடைக்காத பாட்டிலும் வேர்க்கும். துடைச்சாலும் உள்ள குறையாது."

மணிமேகலையின் முகம் அப்படியே நின்றது. அவள் சுதாரிப்பதற்குள் ஆசீர் எழுந்துவிட்டான். அவன் முறை வந்துவிட்டது, அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும்.

"கோபிகா சொன்னது சரியில்லை மிஸ். கசிஞ்சிருந்தா வெளியில இருக்கிற தண்ணியும் சிவப்பா இருக்கணும்."

கேமரா பிடித்தவர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். பிள்ளைகளும் சிரித்தார்கள், எதற்கென்று தெரியாமலே. ரெங்கராஜ் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"பரவாயில்ல, பரவாயில்ல. மொதல்லேர்ந்து எடுப்போம். பாப்பா, உனக்கு மிஸ் சொல்லிக்கொடுத்ததையே சொல்லும்மா. புதுசா எதுவும் வேணாம்."

"சார், நான்தான் அவளை இப்படிச் சொல்லச் சொன்னேன்" என்றாள் கலைமதி. சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். குரல் பாதிதான் வந்தது. ஆனாலும் மணிமேகலைக்குக் கேட்டுவிட்டது.

மறுபடி விளக்குப் போட்டார்கள். மறுபடி கேள்வி கேட்கப்பட்டது. கோபிகா எழுந்து நின்றாள். மிஸ்ஸைப் பார்த்தாள், மேடத்தைப் பார்த்தாள், புதிதாக வந்த சாரைப் பார்த்தாள். யாருக்கு எந்தப் பதில் வேண்டும் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அவள் வாயைத் திறந்து, மூடி, தலையைக் குனிந்துகொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு யார் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. ரெங்கராஜ் கடிகாரத்தைப் பார்த்தார். வேறு பள்ளியில் எடுத்துக்கொள்ளலாம் என்று யாரையும் நோகடிக்காமல் சொல்லிவிட்டுக் கிளம்பினார். தலைமை ஆசிரியர் வாங்கி வைத்த இளநீரைக்கூட அங்கே குடிக்காமல் வண்டியில் வைக்கச் சொல்லிவிட்டார்.

வராந்தாவில் மணிமேகலை தனியாக நின்றிருந்தாள். கலைமதி பக்கத்தில் போனாள்.

"நேத்து வந்திருக்க, பிள்ளைங்க பாத்துட்டுச் சொல்றாங்க" என்றாள் மணிமேகலை. "என் ஜன்னல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிருக்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தோணலை, ஒரு பிள்ளைகிட்ட போய்ச் சொல்லியிருக்க."

"மேகலை, அந்தப் பிள்ளைக்கு அவமானமா இருக்கு. அதை நீ..."

"இருக்கும். நான் செஞ்சது தப்புதான், இல்லைன்னு சொல்லலை. நான் தப்பாச் சொல்லுன்னு சொல்லிக்கொடுத்தேன். நீ சரியாச் சொல்லுன்னு சொல்லிக்கொடுத்த. நானாவது எல்லார் முன்னாடியும் வச்சுச் சொல்லிக்கொடுத்தேன்."

கலைமதி வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டி செஞ்ச?" என்று கடைசியில் கேட்டாள். "மத்தவங்க செய்யலாம். நீ எங்கிட்ட நடிக்கணுமா?"

மணிமேகலை புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"மொத தடவ நீ வந்தப்ப வகுப்பு சரியா வரலை. ஒரு பிள்ளையும் வாயே திறக்கலை. நீ ஒண்ணும் சொல்லலை, ஆனா உன் முகத்தைப் பாக்க எனக்கு முடியலை. எல்லா ஸ்கூல்லயும் இதைத்தான் பாத்துட்டு வர, என்கிட்டயும் இதையே பாத்துட்டு அந்த மாடிக்குத் திரும்பிப் போகணுமேன்னு இருந்துச்சு. அடுத்த தடவை சொல்லிவச்சேன். நீ எவ்ளோ சந்தோஷமாப் போன தெரியுமா? சிரிச்சுக்கிட்டே போன. மருங்காபுரிக்கு அப்புறம் நீ அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல, கலை. அதுக்கப்புறம் என்னால நிறுத்த முடியலை."

ஏழாம் வகுப்பில் யாரோ பெஞ்சுகளை இழுக்கும் சத்தம் கேட்டது. வட்டத்தைக் கலைத்துப் பழையபடி வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மணிமேகலை, "போகணும், கணக்கு பீரியடு நான்தான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

கலைமதி பஸ் நிறுத்தத்துக்கு வந்து கல்மேடையில் உட்கார்ந்தாள். சத்திரம் போகிற பஸ் ஒன்று வந்தது, ஏறவில்லை. இன்னொன்றும் போனது. தன்மீது இத்தனை பிரியமுள்ள ஒருத்தி உலகத்தில் இருந்திருக்கிறாள் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. தெரிந்த கையோடு அவளை இழந்துவிட்டோமோ என்ற பயமும் சேர்ந்து வந்தது. அழுகை வந்தது. எதிரே டீக்கடையில் ஆட்கள் இருந்ததால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் பள்ளி விட்டபோதும் அவள் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகள் கும்பலாகக் கடந்து போனார்கள். மேடத்துக்கு வணக்கம் சொல்லலாமா வேண்டாமா என்று தெரியாமல் சில பேர் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். கோபிகா மட்டும் கும்பலை விட்டு விலகி வந்து நேரே முன்னால் நின்றாள். அவளுக்குக் கோபமோ வருத்தமோ இருந்ததாகத் தெரியவில்லை. ஒரு வேலையைச் சரியாக முடிக்க முடியாமல் போனவளின் கவலைதான் முகத்தில் இருந்தது.

"மிஸ், இன்னைக்கு நான் கெடுத்துட்டேன்" என்றாள். "அடுத்த தடவை நீங்க வரும்போது நான் என்ன மிஸ் சொல்லணும்?"

கலைமதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். உனக்குத் தோன்றுவதைச் சொல் என்று நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொன்னால் அதையும் இந்தப் பிள்ளை பாடமாக எடுத்துக்கொண்டு போய் வீட்டில் சொல்லிப் பார்க்கும்.

"எனக்குத் தெரியலம்மா" என்றாள்.

கோபிகா சற்று நேரம் நின்று பார்த்தாள். இவ்வளவுதானா, இன்னும் ஏதாவது சொல்வார்களா என்று எதிர்பார்த்தாள் போலிருந்தது. பிறகு, "சரி மிஸ்" என்று சொல்லிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அம்மாவின் கடை இருக்கும் பக்கமாக நடந்தாள்.